அதிகாரி வேஷத்துக்கு ஆள் தேவை

ஜெயபாரதியின் விசாவில் ‘வேலை பார்க்க அனுமதி இல்லை’ என்று இருந்தது. திருமணத்துக்கு முன் மதுரையில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, சம்பளம் வாங்கினால்தான் வேலை, வாங்காவிட்டால் சேவை என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். தம் தீர்ப்புகளில் மேல்முறையீட்டுக்கு அவர் இடம் வைப்பதில்லை.

கணவர் ரவிசங்கருக்கும் இதில் சம்மதம். வளைகுடா நகரமான மனாமாவில் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் தொழிலாளர்களின் லீவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி அவர். அரபியில் அவர் தயங்காமல் சொல்லும் ஒரே சொல் ‘மாஃபி’, அதாவது ‘இல்லை’. அந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. தம் கம்பெனியில் சாரம் கட்டும் கர்ண பகதூரிடம் பேசி, அவனுடைய நேபாள மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீடியோவில் இலவச ஆங்கில வகுப்பு ஏற்பாடு செய்தவர் அவரே. தாங்கள் குடியிருக்கும் குதைபியா பகுதி நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவரும் அவரே.

முதல் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை உலகத்துக்கே விடுமுறை என்ற எண்ணம் வளைகுடாவில் ஊறியவர்களுக்குத்தான் வரும். நேபாளப் பிள்ளைகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள், வாயைத்தான் திறக்கவில்லை. ஆப்பிள், யானை, குடை எதற்கும் அசையவில்லை. மதுரையில் கொள்கையாகவே இந்தி படிக்காமல் இருந்து, குதைபியாவில் வெண்டைக்காய் வாங்குவதற்காக அதைக் கற்றுக்கொண்டவர் ஜெயபாரதி. அந்த வெண்டைக்காய் இந்தியில் கேட்டார்: இங்கிலீஷில் என்னதான் பேச ஆசை?

கர்ண பகதூரின் மகள் அஸ்மிதா எழுந்தாள். அப்பாவின் ஆபீஸ் சாரிடம் லீவு கேட்க வேண்டுமாம். தசைன் பண்டிகைக்குப் பெரியவர்கள் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்துப் பிள்ளைகளின் நெற்றியில் வைப்பது அங்கே வழக்கம். இரண்டு வருடமாக அவள் நெற்றியில் மாமாதான் வைக்கிறார். இந்தத் தடவையும் அப்பாவுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

ஜெயபாரதி திரும்பிப் பார்த்தார். அந்த ஆபீஸ் சார் ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் அந்த வீட்டு ஸ்பீக்கரில் மொத்த வகுப்பும் சேர்ந்து முழங்கியது: “சார், ப்ளீஸ் கிவ் மை ஃபாதர் லீவ்!”

“ஏம்மா, இது கிளாஸா, கோரிக்கை ஊர்வலமா?”

“கிளாஸ்தாங்க. ஸ்பீக்கிங் பிராக்டிஸ்.”

“வேற சென்டென்ஸே கெடைக்கலயா ஒனக்கு?”

“கெடச்சுச்சு. புள்ளைங்க வாயத் தொறக்கணுமே! இங்க வாங்க, ஆபீசர் வேஷத்துக்கு ஆள் வேணும்.”

“எனக்கு நடிக்கவெல்லாம் வராது பாரதி.”

“யாரு உங்கள நடிக்கச் சொன்னா? ஆபீஸ்ல வைக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காருங்க, போதும்.”

லுங்கிக்கு மேல் ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு ரவிசங்கர் கேமரா முன் உட்கார்ந்தார். சைட்டில் வேலை குவிந்து கிடக்கிறது, ஆள் பற்றாக்குறை என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். ஒத்திகையே தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்ட அஸ்மிதா, “சார், யூ கோ ஹோம் எவ்ரி இயர்?” என்றாள்.

கேள்வியில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை. அதுதான் சங்கடம். ஜெயபாரதி “வெரி குட்” என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. “ஓகே, ஓகே. லீவ் அப்ரூவ்டு. ஃபினிஷ்!” என்று ரவிசங்கர் நாடகத்தை முடித்துவைத்தார்.

அங்கே கைதட்டல் அடங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்களும் நின்றிருந்தார்கள். இது வேஷம் என்ற விவரத்தை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ரவிசங்கர் சட்டையைக் கழற்றுவதற்குள் செய்தி, கர்ண பகதூர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஞாயிறு காலை அலுவலக வாசலில் கர்ண பகதூர், இஸ்திரி போட்ட சட்டையும் லட்டு டப்பாவுமாக நின்றான். மொழிபெயர்க்க வந்தவன் அதே கேம்பில் இருக்கும் கமுதிக்காரன் அழகுமலை.

“சார், ஊரே உங்களக் கும்பிடுதாம். உங்க போட்டோவப் பெருசாக்கி மாட்டியிருக்காகளாம்.”

“போட்டோவா? மாலை கீலை போடலையே?”

“உசுரோட இருக்கவகளுக்கு எவன் சார் மாலை போடுவான்? லீவு குடுத்துட்டீகள்ல, அதுக்கு.”

அது வெறும் பயிற்சி என்று சொல்லிவிடலாம். ‘மாஃபி’ என்ற ஒரே சொல்லே போதும். ஆனால் கர்ண பகதூர் அதற்குள் அவர் வாயில் ஒரு லட்டை வைத்துவிட்டான்.

“அவன் வேலைய யாருய்யா பாக்குறது?” என்றார், மென்றுகொண்டே.

“நான் பாக்குறேன் சார். எனக்கு லீவு வேணும்னா நானும் எம்மகள இங்கிலீஷ் கிளாஸுல சேத்து விடணும், அம்புட்டுதான?”

மாலையில் ரவிசங்கர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். “டிக்கெட் போட்டாச்சு. இனிமே ஒன் நாடகத்துக்கு என்னைக் கூப்பிடாத.”

“சரிங்க.”

தசைனுக்குப் பிந்திய சனிக்கிழமை அஸ்மிதா நெற்றி நிறையச் சிவப்போடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்து நெருக்கியதில் திரையில் இடம் போதவில்லை. புதிதாக வந்த ஒருத்தி எழுந்து அப்பாவின் பெயரையும், ஷார்ஜாவில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் பெயரையும் பிசிறில்லாமல் ஒப்பித்தாள்.

“அது எங்க கம்பெனியே இல்ல!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“பரவால்லங்க,” என்றார் ஜெயபாரதி. “சட்டைய மாட்டிக்கிட்டு வாங்க.”