மீன் வெடிலடிக்கிற கலியாணப் படம்

தபால் கந்தோர்க் கிளாக்கர் ஏரம்பருக்கு முல்லைத்தீவில் ஒரேயொரு எதிரிதான். தான் எதிரி என்பது அந்த எதிரிக்கே தெரியாது என்பதில் அவருக்கு இன்னும் எரிச்சல்.

ஏரம்பரிடம் இருந்தது ஜேர்மன் கமரா. தோலுறை, பித்தளைக் குமிழ் எல்லாம் உண்டு. நாயாற்று மீன்வாடியில் ஐஸ் உடைக்கும் லோறன்ஸிடம் இருந்ததோ சவர்க்காரப் பெட்டி போன்ற ஒரு கமரா. ஆனால் ஏரம்பரின் பிலிம் யாழ்ப்பாணம் போய்க் கழுவுப்பட்டு வரப் பதினைந்து நாள். லோறன்ஸ் தன் குசினியிலேயே கழுவி மறுநாள் படத்தைக் கையில் கொடுத்துவிடுவான். ஊர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏரம்பருக்கு மட்டும் கேட்டது.

அவர் மனைவி சிவனேஸ்வரிகூட லோறன்ஸ் எடுத்த தன் படத்தைத்தான் அலுமாரிக் கண்ணாடியில் செருகியிருந்தார்.

"மீன் வெடிலடிக்குது" என்று மூக்கைப் பொத்துவார் ஏரம்பர்.

"நீங்கள் எடுத்ததிலை எனக்குத் தலையே இல்லை. இதிலை தலையும் இருக்கு, வெடிலும் இருக்கு. இருந்திட்டுப் போகட்டும்."

வள்ளமும் வலையும் வைத்து மீன்பிடித் தொழில் நடத்தும் யோசெப் சம்மாட்டியின் மகள் மரியமலருக்குக் கலியாணம் வந்தது. லோறன்ஸைக் கேட்கப் போகிறார்கள் என்று அறிந்ததும் ஏரம்பர் சைக்கிளில் பறந்தார்.

"சம்மாட்டியார், படம் நான் எடுக்கிறன். அடுத்த நாளே கையிலை தருவன்."

"யாழ்ப்பாணம் அனுப்பாமலோ?"

"எனக்கும் குசினி இருக்குத்தானே."

வாயை விட்டாயிற்று. இனி அவர் மரியாதை முழுவதும் பன்னிரண்டு படங்களில் தொங்கியது.

கலியாணத்துக்கு மறுநாள் காலை, பிலிம் கழுவும் மருந்துப் பொட்டலத்தோடு வந்த இங்கிலீசுக் கடுதாசியை ஏரம்பர் வாசித்தார். 'சுத்தமான தண்ணீர்' என்ற இடத்தில் அரச உத்தியோகத்தருக்குச் சட்டென்று விளங்கியது. வெள்ளம் வந்த ஆண்டிலிருந்து சுகாதாரப் பகுதியார் சொல்லி வருவதுதானே: கொதிக்க வைத்த தண்ணீர். அடுத்த வரியில் இருந்த சூட்டளவைக் குளிர்நாட்டுக்காரரின் கவலை என்று விட்டுவிட்டார்.

கொதித்த தண்ணீர் ஆறும்வரை பொறுக்க முடியவில்லை; சூட்டோடேயே மருந்தைக் கரைத்தார். யன்னலுக்குச் சாக்கு, லாம்புக்குச் சிவப்புத் துணி, அடுப்புத் தணலின் வெளிச்சத்தை மூடச் சட்டி. பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து, தட்டத்தில் இருந்த மருந்துக்குள் மேலும் கீழுமாக இழுத்தார். மணமகள் தெரிந்தாள். மணமகன் தெரிந்தான். பிறகு இருவருமாகப் பிலிமை விட்டு வழுக்கித் தட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

பின்னேரம் லோறன்ஸின் படலையடியில் சைக்கிள் நின்றது.

"தண்ணி என்ன சூடு அண்ணை?"

"கை பொறுக்கிற சூடுதான்."

"பிலிமிலை இருக்கிற பசை உருகிப் போடும் அண்ணை. நான் வாடியிலை மீன்பெட்டி ஐஸ் கொஞ்சம் கொண்டந்து தட்டத்துக்குக் கீழை வைக்கிறனான். மீனுக்கு வைக்கிற மாதிரித்தான், பழுதாகாது."

ஏரம்பரின் நெஞ்சு முதலில் குளிர்ந்தது: வெடில் உண்மைதான். பிறகு எரிந்தது. கேட்டவுடனேயே சொல்லிவிட்டானே, ஒளித்திருந்தால் மனமாரத் திட்டியிருக்கலாம்.

ஞாயிறு பூசை முடிய மரியமலர் மறுபடியும் கலியாண உடுப்புப் போட்டாள். எடுத்தது ஏரம்பரின் கமரா, கழுவியது லோறன்ஸின் ஐஸ். "லோறன்ஸ் கழுவின படம்" என்றுதான் ஊர் சொன்னது.

இப்போதும் யோசெப் வீட்டுக்குப் போனால், கதிரையில் இருக்கும் முன் ஏரம்பர் சுவரில் தொங்கும் அந்தப் படத்தில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார்.

"இன்னும் அடிக்குது" என்பார்.

சம்மாட்டி வீட்டில் எதை மணந்தாலும் அதுதான் அடிக்கும் என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.