நிறுத்து டீச்சரும் எட்டு மாடி லிஃப்ட்டும்

தலைமையாசிரியை இயற்பியலை அவள் தலையில் கட்டியபோது அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவரை பதினெட்டு வருஷம் வேதியியல் மட்டுமே நடத்தியவள். இயற்பியல் வாத்தியார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புது ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. "பதினொன்னாம் வகுப்பை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க," என்றார் தலைமையாசிரியை, அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல.

கல்லூரியில் அவளுக்கு இயற்பியல் துணைப்பாடமாக இருந்தது உண்மைதான். அதில் எப்படித் தேறினோம் என்பது மட்டும் அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை.

கை கொடுத்தது இணையம். பள்ளி விட்டு வந்ததும் சமையலறையில் போனை உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, காய் நறுக்கியபடியே பாடம் கேட்பாள். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து பேசி ஏற்றிவைத்த வீடியோக்கள். புத்தகம் நாலு பக்கத்தில் சுற்றி வளைப்பதைச் சிலர் பத்தே நிமிஷத்தில் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். சிலர் பத்து நிமிஷம் பேசியும் பாடத்துக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள். நல்லதையும் குப்பையையும் பிரிக்கவே முதல் இரண்டு மாதம் போயிற்று. ஒரு நீள நோட்டு போட்டாள். இடது பக்கம் வீடியோவின் பெயர், வலது பக்கம் தனக்குப் புரியாதது. வலது பக்கம்தான் சீக்கிரம் நிறைந்தது.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். படம் லேசாக மஞ்சள் அடிக்கும். ஸ்பீக்கர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. அதுவும் நல்லதாகவே போயிற்று. சத்தமில்லாத படத்துக்கு அவளே பேச வேண்டியிருந்தது. பத்து விநாடி ஓடவிடுவாள். பிறகு கணினி அருகே இருக்கும் பிள்ளையிடம், "நிறுத்து," என்பாள். "பந்து இப்ப எங்க விழும்? ஆளுக்கு ஒரு பதில் சொல்லுங்க." பதில்களைப் பலகையில் எழுதியபிறகுதான் படம் மேலே நகரும். தோற்றவர்கள் படத்தோடேயே சண்டைக்குப் போவார்கள். ஒரு மாதத்துக்குள் அவளுக்கு 'நிறுத்து டீச்சர்' என்று பெயர் விழுந்துவிட்டது. தெரிந்தும் தெரியாதவள்போல இருந்துகொண்டாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பாடம், லிஃப்ட்டுக்குள் எடை மெஷின்மேல் நிற்கும் மனிதன். அதற்கென்றே ஒரு அசைபடம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பொம்மை மனிதன் நிற்கிறான், மெஷின் அறுபது காட்டுகிறது. லிஃப்ட் கிளம்பியது, எண் அறுபத்தாறுக்குத் தாவியது. "நிறுத்து. பார்த்தீங்களா, மேலே போகும்போது எடை கூடுது." இறங்கும் படத்தைப் போட்டாள். எண் ஐம்பத்து நாலுக்கு இறங்கியது. "நிறுத்து. கீழே போகும்போது குறையுது. எழுதிக்கோங்க."

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடாததால் வகுப்பில் அவளை 'வக்கீல்' என்பார்கள்.

"மிஸ், இது யாரோ வரைஞ்ச படம்தானே? அவங்க எந்த நம்பரை எழுதினாலும் அதைத்தானே காட்டும்? நிஜ லிஃப்ட்ல இப்படி ஆகுதான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"எனக்கும் தெரியலைம்மா," என்றாள். "பார்த்துட்டு வந்து சொல்றேன்."

அவள் கணவருக்கு வேலையே லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரிலுள்ள பாதி மாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் கூரை அறைகள் அவருக்கு அத்துப்படி. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் காலை வாரிவிட்டதால் படிப்பை மூட்டை கட்டியவர். மனைவி போனில் பாடம் கேட்கும்போது அந்தப் பக்கம் தலைகூடக் காட்ட மாட்டார். அன்று சாயந்திரம் அவள் விஷயத்தைச் சொன்னதும் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"இதுக்கா பாடம்? நான் லிஃப்ட் பார்த்துக்கற எட்டு மாடி ஆபீஸ் ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். மேனேஜர்கிட்ட கேட்டுடறேன், வா."

வீட்டில் இருந்த டிஜிட்டல் மெஷினை முதலில் ஹாலில் வைத்துப் பார்த்தார்கள். அது ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே உறைந்துவிட்டது. ஏறி நின்று குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அதே எண். முள் ஆடும் பழைய மாதிரி மெஷின் வேண்டும். தெருமுனை மருந்துக்கடை வாசலில் அப்படி ஒன்று இருந்தது. "திங்கட்கிழமை கடை திறக்கறதுக்குள்ள வந்துடணும்," என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். எதற்கு என்று கேட்டார். லிஃப்ட்டில் நிறுத்தப்போகிறோம் என்றதும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. லிஃப்ட்டுக்குள் கணவர் மெஷின்மேல் ஏறி நின்றார். எழுபத்து நாலு கிலோ. அவள் போனைப் பிடித்தாள்.

"என்னங்க, வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க. முள்ளு தெரியல."

"இழுத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

கடைசியில் அவளே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படம் பிடித்தாள். லிஃப்ட் கிளம்பியது. முள் எண்பதுக்கு ஏறியது. அவள் மனசும் கூடவே ஏறியது. ஆனால் இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் முள் மெதுவாக எழுபத்து நாலுக்கே வந்து நின்றுகொண்டது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று லிஃப்ட் மேலே போய்க்கொண்டேதான் இருந்தது. முள் அசையவில்லை. எட்டாம் மாடியில் நிற்கப்போகும்போது சட்டென்று அறுபத்தெட்டுக்கு விழுந்து, மறுபடி எழுபத்து நாலு.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றார் அவர். "கிளம்பும்போதும் நிக்கும்போதும்தான் உடம்புக்குத் தெரியும். நடுவுல ஒரே வேகத்துல ஓடும், கண்ணை மூடிக்கிட்டா ஓடுதா நிக்குதான்னே தெரியாது. எத்தனையோ தடவை நானே ஏமாந்திருக்கேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேகம் மாறும்போது மட்டும்தான் முள் மாறும். எத்தனை வீடியோவில் கேட்டிருந்தாள், நோட்டில்கூட எழுதியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த அசைபடத்தை முதன்முறையாக நிறுத்தாமல் கடைசிவரை ஓடவிட்டாள். அறுபத்தாறு, பிறகு அறுபது, நிற்கும்போது ஐம்பத்து நாலு. வரைந்தவர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். அவள்தான் பாதியில் நிறுத்தி, பாதியைப் பாடமாக நடத்தியிருக்கிறாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நோட்டில் தப்பு எழுதியிருக்கும் முப்பத்தெட்டுப் பேர்.

"வெள்ளிக்கிழமை நான் சொன்னது தப்பு," என்று ஆரம்பித்தாள். "எங்க தப்புன்னு நான் சொல்லமாட்டேன். இதைப் பாருங்க."

தான் எடுத்த படத்தைப் போட்டாள். திரையில் முதலில் வந்தது ஒரு சட்டையின் கீழ்ப் பொத்தான். பிறகு முள். வகுப்பு சிரித்து ஓய்ந்து, பார்க்க ஆரம்பித்தது. அவள் வாயே திறக்கவில்லை. படம் முடிந்ததும், "இன்னொரு தடவை, மிஸ்," என்றாள் வக்கீல். நாலாவது தடவை ஓடும்போது அவளே எழுந்துவிட்டாள்.

"நடுவுல எழுபத்து நாலுதான் இருக்கு, மிஸ். மேலே போறதுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்ல. கிளம்புறதும் நிக்கிறதும்தான்."

"ஆமா," என்றாள் டீச்சர். "அடிச்சுட்டு எழுதிக்கோங்க. நானும் என் பாடக்குறிப்புல அடிச்சுட்டேன்."

பிள்ளைகள் அதோடு விடவில்லை. அந்த லிஃப்ட் மனிதரை நேரில் பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார்கள். வீட்டில் சொன்னதும் அவர் திடுக்கிட்டார். "பெயிலானவனைப் போய் கிளாஸ்ல நிறுத்துறியா?" என்றார். மூன்று நாள் பிடி கொடுக்கவில்லை. நாலாம் நாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வகுப்பிலேயே வந்து நின்றார்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரே கயிறு என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டார். நாலைந்து கயிறு இருக்கும், வேகம் எல்லை மீறினால் பெட்டி தானே இரு பக்கமும் இருக்கும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், எதிர்ப்பக்கம் ஒரு எடை தொங்குவதால் மோட்டார் முழுப் பாரத்தையும் தூக்க வேண்டியதில்லை. கையால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டே போனார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. திரும்பி வரும் வழியில் மனைவியிடம், "ஒரு தடவை என்னை லிஃப்ட்ல ஏத்தியிருந்தா நானும் பாஸாயிருப்பேன்," என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை, ஒரு மாதிரி அசட்டுச் சந்தோஷம்தான் இருந்தது.

அந்த லிஃப்ட் படத்தை டீச்சர் இணையத்தில் ஏற்றினாள். இலட்சக்கணக்கில் யாரும் பார்க்கவில்லை, நானூறு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் எங்கோ ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துபவர். 'எங்கள் ஊரில் லிஃப்ட்டே கிடையாது. உங்கள் கணவரைத்தான் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன்,' என்று எழுதியிருந்தார். அவள் அதைக் கணவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

அடுத்த வருஷம் புது இயற்பியல் டீச்சர் வந்துவிட்டார். தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, "இனிமே உங்களுக்கு வேதியியல் மட்டும் போதும்," என்றார்.

"பதினொன்னாம் வகுப்பு இயற்பியலை எனக்கே விட்டுடுங்க," என்றாள் அவள். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

இப்போது இரண்டு டீச்சர்களும் சேர்ந்து படம் எடுக்கிறார்கள். இந்த வாரம் ஒலி. பள்ளி மைதானத்தில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து ஒரே சத்தத்தை எழுப்பினால் சில இடங்களில் சத்தம் அமுங்கிப் போகும் என்கிறது புத்தகம். அந்த இடங்களைச் சுண்ணாம்புத் தூளால் குறிக்கப்போகிறார்கள். அமுங்குமா அமுங்காதா என்று வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது.