வேலிக்கு அந்தப் பக்கம் போன சுண்டல்

"வழமையா என்ன சாப்பிடுவீங்க?" என்று டொக்டர் கேட்டபோது நான் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன். சிவப்பரிசிச் சோறு, மீன் கறி, ஏதாவது ஒரு இலைச் சுண்டல், பின்னேரத்தில் அவித்த பயறு. அவர் எழுதிக்கொண்டே, "நல்ல சாப்பாடுதானே" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. பஸ் ஏறிக் களுவாஞ்சிக்குடியில் வந்து இறங்கும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது மனைவி இருந்த காலத்துச் சாப்பாடு. அவள் போய்ச் சேர்ந்து நாலு வருசமாகிறது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாடு என்றால் என் வாய்க்கு வருவது அதுதான்.

அந்த நாலு வருசமும் நான் உண்மையில் சாப்பிட்டது வேறு. காலையில் பாணும் சீனி கூடிய தேத்தண்ணியும். பகலுக்குக் கடைப் பார்சல், அதில் மரக்கறி என்று இருப்பது இரண்டு துண்டு வெங்காயம். இரவுக்கு ரோல்ஸ் அல்லது கொத்து ரொட்டி. கடை பூட்டியிருந்தால் குளிர்பெட்டியில் கிடக்கும் சோசேஜைக் கருகக் கருகப் பொரிப்பேன். கம்பஸ் ஆய்வுகூடத்தில் முப்பது வருசம் ஒவ்வொரு துளியாக அளந்து ஊற்றியவன், என் சோற்றுக் கோப்பையில் என்ன விழுகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. ஒரு ஆளுக்காக யார் தேங்காய் துருவுவது? சுவிஸில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "சாப்பிட்டீங்களா அப்பா?" என்பாள். "ஓம்" என்பேன். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

மலத்தோடு இரத்தம் போனதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறகொரு நாள் வரச்சொல்லிக் குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சின்னச் சதை முளைத்திருந்தது. அதை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள். நான் ஒழுங்காய்ச் சாப்பிடுகிறவன் என்று நம்பியதாலோ என்னவோ, டொக்டர் பொதுவாகத்தான் சொன்னார். ஒரு நாள் தின்ற ரோல்ஸ் யாருக்கும் புற்றுநோயைக் கொண்டு வராது. நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் அது வரும், கண்டதைத் தின்கிறவர்கள் தப்புவதும் உண்டு. ஆனால் இலைவகை, பயறு, தவிடு போகாத அரிசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சோசேஜும் பொரியலும் உப்புக் கருவாடுமாகவே வருசங்கள் போனால் ஆபத்துக் கூடும். அவர் சொல்லச் சொல்ல என் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது.

பயந்துவிட்டேன். அடுத்த நாளே சந்தைக்குப் போய்க் கங்குன் கீரை ஒரு கட்டு வாங்கினேன். அரைக் கட்டு கேட்டதற்குக் கடைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தனி மனிதனுக்கு இந்த உலகத்தில் எதுவும் கட்டிவைக்கப்படவில்லை. நறுக்கி, தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டி இறக்கினால், நாலு பேருக்குக் காணும். எறிய மனம் வரவில்லை. பாதியைக் கிண்ணத்தில் போட்டு வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். வாவியில் வலை வீசுகிற ஒருவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற வீடு. நாலு வருசத்தில் அந்த வேலிக்கு மேலால் நான் எதையும் கொடுத்ததில்லை.

பின்னேரம் அவன் மனைவியின் குரல் கேட்டது, எனக்கு மகள் வயதுப் பிள்ளை. "மாமா, கிண்ணத்தப் புடிங்க. ரெண்டு கருவாட்டுத் துண்டு பொரிச்சுப் போட்டிரிக்கன்."

எங்கள் பக்கத்தில் வந்த ஏதனத்தை, கிண்ணமோ சட்டியோ, வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது முறையில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம், கொடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. கருவாடு மொறுமொறுவென்று இருந்தது. முழுவதையும் தின்றேன்.

அடுத்த நாள் முருங்கை இலை போனது, கோழிப் பொரியல் வந்தது. பயற்றங்காய் போனது, மீண்டும் கருவாடு வந்தது. கோயில் சடங்கு தொடங்கி மீன், இறைச்சி என்று மச்சம் நிறுத்திய நாட்களில் எண்ணெய் வடியும் வடையும் அரியதரப் பலகாரமும் வந்தன. நான் நல்லதை அனுப்பி, டொக்டர் வேண்டாம் என்றதை வாங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம். ஒரு கிழமை போனதும் எனக்கே விளங்கிவிட்டது, நான் சமைப்பது குடலுக்காக இல்லை. பின்னேரமானால் யாரோ ஒருவர் என்னை "மாமா" என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் அடுப்பு மூட்டினேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியதே அந்த வேலியடியில் மட்டும்தான்.

மூன்று கிழமை கழித்துப் போனேன். முளைத்தது புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் காலப்போக்கில் அப்படி மாறக்கூடிய சாதி. மறுபடியும் முளைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதல் நாள் சொன்னது மனைவியின் சமையல், சோசேஜையும் பார்சலையும் விட்டுவிட்டேன், கருவாட்டையும் பொரியலையும் மட்டும் விட முடியவில்லை என்றேன்.

"ஏன் விட ஏலாது?"

"அது வேலிக்கு மேலால வருது டொக்டர்."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "அந்தப் பிள்ளையிட்ட விசயத்தைச் சொல்லுங்க. சொன்னா விளங்கும்" என்றார்.

அன்று பின்னேரமே சொன்னேன். முளையைப் பற்றி, கருவாட்டைப் பற்றி, எண்ணெயைப் பற்றி, சீனியைப் பற்றி. ஆய்வுகூடத்துப் புத்தி, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ மாமா, முதலே சொல்லல்லையே! நான் பாவி, உப்பும் எண்ணெயுமா அள்ளித் தந்திரிக்கன். மறுகா என்னத்தத்தான் போடுற?"

"ஒண்டும் போட வேணாம் மகள்" என்றேன்.

அப்படிச் சொல்வது எங்கள் மரியாதை. வேண்டாம் என்றால், "சும்மா இரிங்க" என்று இரண்டு தரம் வற்புறுத்துவார்கள், மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வோம். ஒரு வாழைப்பழமோ, ஒரு பிடி முருங்கை இலையோ வரும் என்று நம்பித்தான் சொன்னேன். ஆனால் அவள் பயந்துபோயிருந்தாள். பயந்தவர்களுக்கு மரியாதையெல்லாம் நினைவிருக்காது.

மறுநாள் வல்லாரைச் சுண்டல் கொடுத்தேன். பின்னேரம் குரலுக்காகக் காத்திருந்தேன். நேரம் போனது, யாரும் கூப்பிடவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், கிண்ணம் வேலிக்கம்பில் கவிழ்ந்து கிடந்தது. கழுவித் துடைத்திருந்தாள். சவர்க்காரம் மணந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. என்னவென்று சொல்வது? என் உயிருக்குப் பயந்து செய்திருக்கிறாள். உள்ளே வந்து சிவப்பரிசிச் சோறு போட்டு, மிச்சச் சுண்டலையும் பயற்றையும் வைத்து உட்கார்ந்தேன். கோப்பையில் இருந்தது அத்தனையும் டொக்டர் சொன்னபடி. பாதிக்கு மேல் இறங்கவில்லை.