அகலத் தோள் குதிரைக்கு ஒரு சேணம்

டூல் ரூமுக்கு ஸ்பானர் வாங்கப் போனேன். ஜன்னலில் தணிகாசலத்துக்குப் பதிலாக வேறொருவர் உட்கார்ந்திருந்தார். "அவரு விடியக்காலைல எறந்து போய்ட்டாரு சார். நெஞ்சு வலியாம்" என்றார். ஸ்பானரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். கன்வேயர் நின்றுகிடந்தது. ஷிப்டில் இருப்பவன் வேறு என்ன செய்ய முடியும்?

இந்தச் சுரங்கத்தில் வேலை செய்யும் உங்களில் பலருக்கு அவர் ஜன்னலுக்குள் தெரியும் முகம் மட்டும்தான். அதற்கு முன்பு அவர் பெல்ட் ஃபிட்டர். மைத்துனர் வீட்டுப் பலாமரத்திலிருந்து விழுந்ததில் இடது முழங்கால் மடங்காமல் போக, டூல் ரூம் ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். சைக்கிள் மிதிக்க முடியாது. மைத்துனர்தான் கேரியரில் உட்காரவைத்து டூல் ரூமில் விட்டுவிட்டு, சாயங்காலம் குவார்ட்டர்ஸில் இறக்குவார். "மூட்டைய எறக்கற மாதிரி எறக்கறான் அண்ணாச்சி" என்பார். அண்ணாச்சி என்று நான் அவரை எங்கள் திருநெல்வேலி வழக்கப்படி கூப்பிட, "இங்க அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரரு" என்று கேலி செய்து, அதையே எனக்கும் பெயராக வைத்துவிட்டார்.

அவர் மகளைத் திருவதிகையில் கொடுத்திருந்தார்கள். அங்கே யாரும் தூக்கிப்போகாமல் தானே போய்வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக, தொழிலை விட்ட ஒரு ஜட்காக்காரரிடம் குதிரை வாங்கினார். வண்டி இழுத்து இழுத்துத் தோள் அகன்ற குதிரை. மாடு கட்டும் கொட்டகையில் அதைப் பார்த்த அவர் மனைவி செல்லம்மா, "பொங்கலுக்குள்ள ஒழுங்கா ஏறிக் காட்டு. இல்லாட்டி வித்துப்புடுவேன். இன்னொரு காலும் போனா யாரு தூக்கறது?" என்றார்.

யாரோ கொடுத்த பழைய சேணம் ஒன்று இருந்தது. குறுகல். அதைப் போட்டால் குதிரை நாலடி நடந்து, காதை மடக்கிக்கொண்டு நின்றுவிடும். முதுகில் உறுத்துகிறது என்று நினைத்து நானும் அவரும் அடியில் கம்பளியை மடித்து வைத்தோம். இன்னும் மோசமானது. இன்னொரு மடிப்பு வைத்தோம். குதிரை கடிக்க வந்தது. உறுத்தினால் பேக்கிங் வை என்பது எங்கள் ஒர்க் ஷாப் புத்தி. ஒரு மழைநாளில் அவர் ஸ்வெட்டருக்கு மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க, தையல் பிரிந்தது. "உள்ள ஸ்வெட்டர் போட்டா கோட்டு பெருசாவுமா அண்ணாச்சி? நாம குதிரைக்கு அதத்தான் பண்ணிக்கினு இருக்கோம்" என்று சிரித்தார். கோட்டு என்னுடையது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒழுங்காக வேலை செய்தோம். செல்லம்மா முணுமுணுத்துக்கொண்டே குதிரையை நடத்த, தோளில் கை வைத்துப் பார்த்தோம். முன்கால் நீளும்போது தோள்பட்டை எலும்பு பின்பக்கம் நன்றாக நகர்ந்தது. சேணத்தின் உள்சட்டம் அதன்மேல் உட்கார்ந்தால் குதிரை எப்படி நடக்கும்? எலும்புக்குப் பின்னால் முதுகின் குறுக்கே அலுமினியக் கம்பியை வளைத்து, அந்த வளைவை அட்டையில் வெட்டினேன்.

பண்ருட்டியில் பழைய சேணம் விற்பவரிடம் மூன்று இருந்தன. குதிரையை மைத்துனர் நடத்தி வந்தார். ஒன்றில் அட்டை நுழையவே இல்லை. நடுவாந்தரமானது கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. அகலமானது அச்சாகப் பொருந்தியது. அதைப் போட்டதும் குதிரை தலையைத் தாழ்த்திக் காலை நீட்டி நடந்தது. ஆனால் தணிகாசலத்தை ஏற்றியதும் அவர் முகம் வியர்த்துவிட்டது. அகலச் சேணம் தொடையை விரித்து முழங்காலை இழுத்தது. நடுவாந்தரத்தில் அவருக்கு வலியே இல்லை.

"ஒங்க காலுக்கு இதான் தோது. இழுத்துக் கட்டுங்க, குதிரை பழகிக்கும்" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "ரெண்டு பேருக்கும் பொருந்துறது இங்க இல்ல அண்ணாச்சி. சீக்கிரம் ஒண்ணச் சொல்லுங்க" என்றேன்.

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "நான் அந்த ஜன்னலுக்குப் பழகிக்கினேனே, அது மாதிரியா? வேணாம். அகலமானதக் குடுங்க."

பொங்கலுக்கு முன்பே குதிரையில் திருவதிகைக்குப் போனார், அதை ஓடவிடாமல் நடையாகவே. திரும்பி வந்த மறுநாள் டூல் ரூமில் கேட்டேன், வலித்ததா என்று.

"எறங்கறப்ப உசுரு போச்சு. ஆனா நானாப் போன வழியில வலிச்சுது அண்ணாச்சி. அது வேற."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? திரும்பி இங்கதான் வரணும். பெர்மனென்ட் ஆச்சே!"

நானும் பெர்மனென்ட்தான். அவர் காரியம் முடிந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். சுரங்கத்துத் தூசி, ஷிப்ட், பிளாக் பிளாக்காக ஒரே மாதிரி வீடுகள் என்று நான் அலுத்துக்கொண்டதும் அப்பா வழக்கம்போல, "எல்லாம் பழகிரும்ல" என்றார். இதற்கு முன்பெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். இந்த முறை, "பழகல, பழகவும் வேண்டாம்" என்றேன். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்துபோனார்.

திங்கள்கிழமை முதல் ஷிப்டுக்கு வந்து நின்றேன். போக வேறு இடமில்லை. ஆனாலும் அப்பாவிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தணிகாசலத்திடமிருந்து எனக்கு வந்தது அவ்வளவுதான். அதை விடுவதாக இல்லை.