ஆறுக்குப் பதில் ஒன்பது

ஒருவருடைய தொலைபேசி எண்ணை நான் தவறாகத் தட்டச்சு செய்தேன். அது தெரிந்த பிறகும் அவரிடம் சொல்லவில்லை.

இவ்வளவுதானா என்று நினைக்கிறீர்களா? முழுவதையும் கேளுங்கள்... பிறகு சொல்லுங்கள்.

கோவை பீளமேட்டில், இணையதளங்கள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த புதிதில் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். லேத் பட்டறைத் தொழிலாளி, பெயர் மணி. அவருடைய மனைவி மகேஸ்வரி சித்தம் கலங்கியிருந்தவர். ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தும், சுவரொட்டி ஒட்டியும் பயனில்லை.

"நெட்டுல போட்டா ஊரு பூராப் பாப்பாங்களாமுங்க அம்மணி," என்றார்.

'காணவில்லை' என்று ஒரு பக்கம் செய்தேன்; அதில் போட அவர் தன் எண்ணைச் சொன்னார், நான் தட்டினேன். தோழிகள் சாப்பிடக் கூப்பிட்டபடி வாசலில் நின்றார்கள். திரையில் மனைவியின் படம் தோன்றியதும் அவர் கண் கலங்கிவிட்டார். எண்ணை அவர் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய நானும் பார்க்கவில்லை!

சில ஆண்டுகள் ஓடின. எங்களுடைய பழைய சர்வரை நிறுத்திவிட்டு, எல்லாத் தளங்களையும் புதிய சர்வருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, உரியவரை அழைத்து, தளம் இன்னும் தேவையா என்று கேட்பது என் பொறுப்பு. வேண்டாதவை பழைய சர்வரோடு போகட்டும் என்றார் மேலாளர்.

மகேஸ்வரியின் பக்கம் வந்தது. அதிலிருந்த எண்ணையே அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"மணி அண்ணன் இருக்காருங்களா?"

"அய்யோ, நீங்களுமாங்க! இது பொள்ளாச்சிங்க. அப்பிடி யாரும் இங்க இல்லீங்க. பொம்பளையக் காணோம்னு எவனோ என்ர நம்பரப் போட்டுப்போட்டானுங்க."

மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்திருப்பேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"முன்னொருக்கா பழனி பஸ் ஸ்டாண்டுல டீக்கடை வெச்சிருக்கறவரு கூப்புட்டாருங்க. போட்டோவுல இருக்கறவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க, பேரு கேட்டா மகேசுங்கறாங்க, சீக்கிரம் வாங்கன்னாரு. ராங் நம்பருன்னு சொல்லிப்போட்டேன். மறுக்காவும் கூப்புட்டாரு... பொழுது சாயற வரைக்கும் உக்கார வெச்சிருக்கேன், யாராச்சும் வாங்கன்னாரு. ஏமாத்தறவன்னு நெனச்சு அப்பறம் நான் போனையே எடுக்கலீங்க. ஏனுங்க... அந்தம்மா கெடைச்சுட்டாங்களா?"

பழனியா? கோவையிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத பழனியா? யாரோ ஒரு நல்ல மனிதர் அந்தப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு, நான் தட்டிய எண்ணை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தாரா!

"கெடைச்சுட்டாங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண்மணி வருந்தக் கூடாது என்றா? இல்லை... அந்தப் பேச்சு அதோடு முடிய வேண்டும் என்றுதான்.

அலுவலகப் பதிவில் மணி அண்ணனுடைய எண் சரியாகவே இருந்தது. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒன்பதைத் தட்டியிருந்தேன்! புதிய சர்வருக்குப் போகும் பக்கத்தில் எண்ணைத் திருத்தினேன். தளத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பழைய சர்வரை நிறுத்தினார்கள். அந்த ஒன்பது எங்கும் இல்லாமல் போயிற்று. என்னைத் தவிர அதை அறிந்தவர் யாருமில்லை!

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அந்த டீக்கடைக்காரரைத் தேடிப் போயிருக்கலாம், பழனியைச் சுற்றியுள்ள காப்பகங்களில் விசாரித்திருக்கலாம்... எல்லாம் எனக்குத் தெரியும். மணி அண்ணன் மனம் உடைந்துவிடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்பதுதான் என் அச்சம்.

இந்த நிலையில்தான் ஒருநாள் காலை மணி அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு வெளிச்சம்.

"இத்தன வருசமா ஒரு போன் வரலீங்க அம்மணி. இப்ப வருதுங்க! புது மிசினுக்கு மாத்துனீங்களாமா? உங்க கைராசிதானுங்க! தருமபுரியில இவளாட்டமே ஒருத்தரு இருக்காங்களாமா. பாத்துப்போட்டு வாரேன்."

பையைத் திறந்து காட்டினார். மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"கட்டிக்க நல்லதா ஒண்ணு இருக்கோணுமுல்லீங்க..."

பழனி என்ற ஒரு சொல்! அது என் நாக்கு நுனி வரை வந்தது.

"அண்ணா..."

"சொல்லு கண்ணு."

"பாத்துப் போயிட்டு வாங்க."

இப்படியும் ஒருத்தி இருப்பாளா? இருந்தேன். அத்தோடு நிற்கவும் இல்லை. வழி காட்டுகிறேன் என்று அவிநாசி சாலை நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். சேலம் பேருந்தைக் கை காட்டி நிறுத்தியதும் நானே.

படியில் ஏறி நின்று, சேலைப்பையை மார்போடு இடுக்கிக்கொண்டு, அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

நானும் கை கூப்பினேன்.