பதினோரு யூனிட் வீட்டில் பாடிய பெட்டி

தேவசிகாமணி ஐயாவை நான் முதலில் பார்த்தது ஒரு சாண் கதவு இடுக்கில். ஒரு கண்தான் தெரிந்தது. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர் வேலை கிடைத்து, பாளையங்கோட்டைத் தெருக்களில் நான் மீட்டர் பார்க்கத் தொடங்கிய முதல் வாரம் அது.

"கரண்டு ஆபீசுய்யா. ரீடிங் எடுக்கணும்."

"கார்டு?"

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை இடுக்கு வழியாக வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே போனில் பேசுவது கேட்டது. "ஒரு பையன் வந்து நிக்கான். கறுப்பா, ஒல்லியா, மூக்குப் பக்கத்துல மச்சம். ஒங்க ஆளுதானா? நல்லாப் பாத்துச் சொல்லும்."

ஏரலுக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டக் கூலிக் குடும்பம் எங்களுடையது. அதில் முதல் பட்டதாரி நான்; இயற்பியல். அந்த அட்டையைப் பார்க்க எங்கள் தெருவே வந்தது. அதை ஒருவர் திருட்டுச் சாமானைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் எனக்குச் சுருக்கென்றது.

மீட்டர் நடு அறைச் சுவரில் இருந்தது. பக்கத்தில் பூட்டிய ஓர் அறை. ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். சட்டைக்கு அடியில், இடுப்பில், இரும்பு ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பூட்டிய அறைக்குள் கரகரவென்று பழைய கிராமபோன் பாட்டு. அது முடிந்தது. 'ணக்' என்று ஒரு சத்தம், 'தப்' என்று ஒன்று விழுந்தது, அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கிராமபோனில் யாராவது இசைத்தட்டை மாற்றியாக வேண்டும். தனியாக வாழ்கிற இவரோ என் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார். தானாக மாறுகிறதென்றால் கரண்டில்தான் ஓட வேண்டும். ஆனால் மின்சாரம் ஓடினால் சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு, இரண்டு பாட்டு முடிந்தும் சிமிட்டவில்லை. இரண்டு மாதத்துக்கு மொத்தம் பதினோரு யூனிட்.

எதிர்வீட்டு லில்லி டீச்சரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பேட்டையில லேத்துப் பட்டறையில இருந்தவரு தம்பி. ரிட்டயர்டு ஆன பெறவு பூட்டுன ரூமு அது. உள்ள இரும்பு ராவுத சத்தம் கேக்கும். ஞாயித்துக்கெழம கோயில்ல காணிக்கைப் பை வந்தாக்கூட, யாரு பிடிச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் காசு போடுவாரு."

எனக்குக் கணக்குச் சரியாக வந்தது. உள்ளே லேத்து ஓடுகிறது; கம்பத்திலிருந்து கொக்கி; சத்தத்தை அமுக்கப் பாட்டு. முதல் நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கிற ஊரில் பதினோரு யூனிட் காட்டுகிறவர் யோக்கியராக இருக்க முடியுமா?

அடுத்த ரீடிங்குக்குப் போனபோது நேராகவே கேட்டேன்.

"அந்த ரூமைத் திறங்கய்யா."

"ஒமக்கு மீட்டர்தான வேணும்? அது இங்கன இருக்கு."

"உள்ள என்ன ஓடுது?"

"என்னமும் ஓடும். ஒம்ம யாரு அனுப்புனா? மெட்ராஸ்காரனா, காரைக்குடிக்காரனா?"

"கரண்டுத் திருட்டுன்னு எழுதிக்குடுத்தா ஆளு வந்து பூட்டை ஒடச்சுப் பாப்பாங்க."

அவர் கை இடுப்பு இரும்புக்குப் போனது. "எழுதிக்கிடும். லைனை வெட்டும். சபையில எல்லாரும் திருடன்னு சொல்லட்டும். அந்தக் கதவை மட்டும் தொறக்க மாட்டேன்."

எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். மறுநாள் காலை லைன்மேன் பேச்சிராஜைக் கூட்டிக்கொண்டு தெருமுனை மின்பெட்டிக்குப் போனேன். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை என்பதைப் பார்த்து வைத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"ஃபியூஸைப் பிடுங்குங்கண்ணாச்சி. பாட்டு நின்னா திருட்டு."

"நிக்கலைன்னா?"

"நிக்கும்."

பிடுங்கினார். தெரு முழுக்க மின்விசிறியும் டிவியும் கிரைண்டரும் அடங்கின. "ஏலே, யாருலே அது! மாவு பாதியில நிக்கி!" என்று லில்லி டீச்சர் வெளியே வந்தார். வீடுவீடாக ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். அந்த அமைதியில் தேவசிகாமணி ஐயா வீட்டுப் பாட்டு மட்டும் தெருமுனை வரை கணீரென்று கேட்டது. முடிந்தது. ணக். தப். அடுத்த பாட்டு.

பேச்சிராஜ் என்னைப் பார்த்தார். "பி.எஸ்ஸி. சாரே, இப்ப எதைப் பிடுங்கணும்?"

ஐயா வாசல் கதவை முழுதாகத் திறந்துகொண்டு வந்து நின்றார். நான் அதற்கு முன் அவரை முழுதாக வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

"ஊரையே அமத்திப் போட்டு என் பொட்டியக் கேக்க வச்சிட்டீரே வே. இனி ஆருக்குத் தெரியாது? வாரும். நீரு மட்டும். போனை அவர்ட்ட குடும், கார்டை என்ட்ட குடும்."

உள்ளே இடுப்பு உயரத் தேக்குப் பெட்டிகள் ஐந்து. எல்லாமே தானாகத் தட்டு மாற்றும் கிராமபோன்கள். பாடிக்கொண்டிருந்ததில், நடுக்கம்பியின் உச்சியில் நான்கைந்து தட்டுகள் மிச்சம் இருந்தன. பாட்டு முடிந்ததும் ஊசிக்கை தானே எழுந்து விலகியது. மேலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தது. கை திரும்பி வந்து பைய உட்கார்ந்தது.

"தட்டை மாத்த நாம எந்திரிக்கணும்னா அது என்னவே மிஷினு?" என்றார். இடுப்பு இரும்பை உருவினார். பெட்டியின் வில்லை முறுக்கும் கைப்பிடி.

பாடிக்கொண்டிருந்தது எஸ்டேட் பங்களா ஏலத்தில் எடுத்த பெட்டி. உள்ளே இருந்தது நூற்றுப்பத்து வோல்ட் மோட்டார். நம் ஊர் மின்சாரத்தில் அதை நேராகச் சொருகியிருக்கிறார். "ஒரே பொகை. அன்னையிலிருந்து நான் கரண்டை நம்புதது இல்ல." மோட்டாரைக் கழற்றிவிட்டு, கையால் முறுக்கும் பழைய கிராமபோன்கள் நான்கின் சுருள்வில்களைச் சேர்த்து அரம் போட்டு மாட்டியிருக்கிறார். ஒரு தடவை முறுக்கினால் பத்துத் தட்டு பாடும். முறுக்கியதும் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்.

மனுஷரை நம்பாததற்கும் காரணம் இருந்தது. பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்று ஒருவன் வந்து படம் எடுத்துப் போனான். அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபோது பூட்டு உடைந்திருந்தது. அவர் முதன்முதலில் வாங்கிய பெட்டியைக் காணோம்.

"மன்னிச்சிருங்கய்யா."

"மன்னிப்பு கெடக்கட்டும். தெரு முழுக்கக் கேட்டுட்டுதே, அதுக்கு என்ன செய்ய?"

ஒரு மாதத்துக்குள், அவர் பயந்தபடியே, மெட்ராஸிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் பழைய சாமான் வியாபாரிகள் இரண்டு பேர் அவர் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேரையும் நான்தான் அனுப்பியதாக இன்றும் நினைக்கிறார்.

இப்போது அவருக்கு எழுபத்துமூன்று. அதே வீட்டில், தனியாகத்தான் இருக்கிறார். யாரும் உள்ளே வர வேண்டாமென்று தன் செலவில் மீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றிக்கொண்டார்; அந்த மனுவை எழுதிக்கொடுத்தது நான். ஜன்னலில் பத்தமடைப் பாயை மடித்து அடைத்திருப்பதால் பாட்டு தெருவுக்குக் கேட்பதில்லை. நான் ரீடிங் எடுத்துத் தெருமுனை திரும்பும் வரை இடுக்கில் ஒரு கண் தெரியும். போன தடவையும் பதினோரு யூனிட்.