சித்தி ஏறிப் பார்த்த சரிவுப்பாதை

மலாக்காவின் பழைய கோட்டை வாசலைச் சித்தி காரிலிருந்து மட்டுமே பார்த்திருந்தார். மோட்டார் விபத்துக்குப் பிறகு அவருக்குச் சக்கர நாற்காலிதான். வாசலுக்கு முன்னாலோ படிகள். பள்ளிச் சுற்றுலா போய்வந்த என்னிடம், "உள்ள என்னாடி இருக்கு?" என்று பலமுறை கேட்டுவிட்டார். ஒன்றுமில்லை, நுழைந்தால் அந்தப் பக்கம் குன்றுதான் என்றேன். அவர் நம்பவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கோட்டையைச் சுற்றி வேலை தொடங்கியது. கார் நிறுத்துமிடத்தை எடுத்துவிட்டு மர நிழலில் பெஞ்சுகள் போட்டார்கள். படிகளுக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு சரிவுப்பாதை கட்டினார்கள். திறப்பதற்கு முன் சக்கர நாற்காலியில் யாராவது ஏறிப் பார்த்து, சரியா என்று சொல்ல வேண்டுமாம். நாங்கள் குடியிருந்த பாச்சாங்கில் பக்கத்து வீட்டு அண்ணன்தான் அந்த வேலைக்கு மேற்பார்வையாளர். அவர் சித்தியைக் கூப்பிட்டார். நாற்காலி தள்ளும் பதவி வீட்டில் என்னுடையது. வேறு யாரையும் தொடவிட மாட்டேன். அதனால் நானும் கிளம்பினேன்.

பாதையின் அடியில் நான் கைப்பிடியைப் பிடித்ததும், "கைய எடு," என்றார் சித்தி. தானே சக்கரத்தை உருட்டி ஏறினார். பாதிவழியில் நாற்காலி நின்றது. நாற்காலி மெல்லப் பின்னால் வழுக்க, நான் ஓடினேன்.

"தொடாதன்னு சொன்னேன்ல!"

பிரேக்கைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். சுற்றுலாக்காரர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

"பாப்பா கொஞ்சம் தள்ளட்டும் லா, அக்கா. மேல போய்ட்டா முடிஞ்சிச்சு. அடுத்த வாரம் திறப்பு," என்றார் அண்ணன்.

"முடியாது தம்பி. ரொம்ப செங்குத்தா இருக்கு. ஒடச்சிட்டு நீளமா கட்டச் சொல்லு."

"பாஸ் என்னைய ஏசுவாரு லா!"

"நான் சொன்னேன்னு சொல்லு."

அண்ணன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, சித்தி இறங்கினார். ஒரே தள்ளு தள்ளியிருந்தால், அவர் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த வாசலுக்குள் போயிருக்கலாம். பக்கத்திலேயே நான் இருந்தேன். பிறகு என்ன பிடிவாதம்?

திறப்பு விழா தள்ளிப்போனது. பாதையை உடைத்து, ஒரு வளைவு வைத்து நீளமாகக் கட்டினார்கள். அண்ணன் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை டியூஷன் முடிந்து வந்தால் வீட்டில் சித்தியைக் காணோம். வாடகைக் கார் வரவழைத்துக் கோட்டைக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னார். சாயங்காலம் வெயிலில் கறுத்த முகமும் கலைந்த தலைமுடியுமாகத் திரும்பினார். எனக்காக வாங்கிய குளிர்ந்த தேங்காய்ப்பால் செண்டோல் பை கைப்பிடியில் தொங்கியது.

"யாரு தள்ளுனா?" என்று கேட்டேன்.

"யாரும் தள்ளல."

"என்னைய விட்டுட்டு எதுக்குப் போனீங்க?"

"சும்மாதான்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செண்டோலைத் தொடவில்லை. என்மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கூப்பிடாமல், காரணம் எதுவும் சொல்லாமல், சும்மா ஓர் இடத்துக்குப் போய்வருவதற்காக ஒருவர் அத்தனை பேர் முன்னால் பாதிவழியில் உட்கார்ந்திருப்பார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.